கோட்டூர்புரத்துக்கு வராத ஆஸ்பத்திரி

வேலையில் சேர்ந்த புதிதிலேயே உங்களில் யாரையாவது ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அனுப்பிவைப்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு அந்த மாதிரிக் கூட்டங்களுக்குப் போக மனம் இருக்காது. புது டாக்டர் போகட்டும், நாலு பேர் முன்னால் பேசிப் பழகட்டும் என்பார்கள். போங்கள், ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். நான் நகர சுகாதார வேலையில் தலை நரைத்தவள். டெங்கு, வெள்ளம், கொரோனா எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அவை வந்தன, போராடினோம், போயின. ஒரு சின்ன ஆஸ்பத்திரியை எங்கே கட்டுவது என்று ஊர் கூடிப் பேசியதுதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கோட்டூர்புரத்தில் எங்கள் பொறுப்பில் ஒரு பழைய பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. மாடி இல்லாத கட்டடம், ஒரு வார்டு, ஒரு பிரசவ அறை. ஆற்றோரத்து ஹவுசிங் போர்டு வீடுகளில் இருந்த பெண்கள் வலி எடுத்தால் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்துவிடுவார்கள். அங்கே பிறந்தவளே வளர்ந்து அங்கே வந்து பிள்ளை பெற்றதும் உண்டு. கட்டடம் தளர்ந்துபோனதால் புதிதாக ஒன்று கட்ட அனுமதி வந்தது. பிரசவத்தோடு அவசர சிகிச்சை, டயாலிசிஸ் எல்லாம் சேர்த்து. இடம் மட்டும் முடிவாகவில்லை.

இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, பெரிய வீடுகள் இருக்கும் காலனிக்குள் அரசு குவார்ட்டர்ஸை இடித்துவிட்டுச் சும்மா போட்டிருந்த மனை. தூங்குமூஞ்சி மரங்களும் புதருமாகக் கிடந்தது. இன்னொன்று, போர்டு வீடுகளுக்குப் பின்னால் ஆற்றங்கரையில் பையன்கள் பந்து விளையாடும் மைதானம். எது வேண்டும் என்று மக்களைக் கேட்டு எழுதி அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது.

பள்ளிக்கூட ஹாலில் ஒரு சனிக்கிழமை காலையில் கூட்டம் வைத்தேன். யாரும் சொல்லாமலே காலனிக்காரர்கள் முன்வரிசையிலும் போர்டு வீட்டுக்காரர்கள் பின்னாலும் உட்கார்ந்தார்கள். காலனி சங்கத்தின் செயலாளர் ராமசேஷன் முதலில் எழுந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, வீடு கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தவர்.

"டாக்டர், ஆஸ்பத்திரி வேண்டாம்னு இங்க ஒருத்தரும் சொல்லலை. எங்க தெருவுக்குள்ள வேண்டாம்னுதான் சொல்றோம். ஒரு கார் நின்னுண்டிருந்தா இன்னொரு கார் போக முடியாது. ஆம்புலன்ஸ் எப்படி வரும்? ஆத்தங்கரையில அவ்வளவு பெரிய கிரவுண்டு சும்மாக் கிடக்கறது. அவாளுக்கும் பக்கம்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். மல்லிகா. காலனித் தெரு முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவள். ராமசேஷன் அன்று போட்டிருந்த சட்டையே அவள் தேய்த்ததாகத்தான் இருக்கும்.

"சும்மா கீதா? இன்னா சார் பேசுற? வெள்ளம் வந்தப்போ அந்த கிரவுண்டு எங்க இருந்துச்சு, தெரியுமா? தண்ணிக்கு அடில இருந்துச்சு. எங்களுக்கு மொத மாடி வரிக்கும் ஏறிச்சு. அங்க ஆஸ்பத்திரி கட்டுனா, ஆபரேசன் பண்ணிப் படுத்துக்கினு கீற பொம்பளைய எவன் தூக்கிக்கினு ஓடுவான்? நீ ஓடுவியா?"

அந்த 'நீ' முன்வரிசைக்கு உறைத்தது. பின்னால் கைதட்டினார்கள். முன்னால் முகம் சிவந்தது. பிறகு யார் என்ன பேசினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊசியும் ரத்தப் பஞ்சும் தெருவில் கிடக்கும் என்றார் ஒருவர். வீட்டு விலை விழுந்துவிடும் என்றார் இன்னொருவர். "அப்ப நாங்க வந்தாலே நாத்தம்ன்றீங்களா?" என்று ஒரு கிழவி கத்தினாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் ஒன்றை இப்போதே புரிந்துகொள்ள வேண்டும். அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. தெரு உண்மையிலேயே குறுகல்தான். மைதானம் உண்மையிலேயே முழுகும் இடம்தான். நமக்குச் சொல்லிக்கொடுக்கிற படிப்பில் ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தப்பு. இங்கே வந்தால் இரண்டு பக்கமும் சரியாக இருக்கும், ஆஸ்பத்திரி மட்டும் இருக்காது.

என் மேலதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பெயர் வேண்டாம். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். "இன்னொரு கூட்டம் போடும்மா," என்றார். "அவசரப்படாதே. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை, கொஞ்சம் ஆறினாத்தான் பேச வரும்."

ஆறுவதற்குள் மேற்கூரை பெயர்ந்தது. பழைய ஆஸ்பத்திரியில் பிரசவ அறையின் காரைக்கட்டி ஒன்று, ஆள் இல்லாத மேஜைமேல் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது உள்ளே இருந்த கம்பி துருப்பிடித்துக் கரும்புச் சோகை மாதிரி உரிந்து தொங்கியது. வார்டில் பிள்ளை பெற்ற பெண்கள் படுத்திருந்தார்கள். கட்டடத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்: "ஒரு மழை தாங்கும். தாங்காமப் போனா என்னைக் கேக்காதீங்க, டாக்டர்."

மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"மூடாதே," என்றார் எடுத்த எடுப்பில். "மூடின கதவு திரும்பத் திறந்து நான் பார்த்ததே இல்லை. முட்டுக் கொடு. வார்டை வராந்தாவுக்கு மாத்து. புது இடம் முடிவாகிற வரைக்கும் எப்படியாவது இழு."

"சார், அது பிள்ளைங்க தலையில விழுந்தா?"

"முடிவு உன்னோடது," என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே மூடினேன். வார்டில் இருந்த தாய்மார்களை வண்டியில் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வெளிநோயாளிகளாகப் பதிவு செய்திருந்த கர்ப்பிணிகளுக்கும் மேற்கே கொஞ்சம் தள்ளியிருந்த ஓர் அரசு மருத்துவமனையைச் சொல்லிவிட்டோம். கேட்டைப் பூட்டும்போது மல்லிகா வந்து நின்றாள். அவளுடைய மருமகள் செல்விக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"மூடிட்டியா மேடம்?"

"கொஞ்ச நாளைக்குத்தான், மல்லிகா. புதுசு வந்துடும்."

அதை நான் நம்பித்தான் சொன்னேன். இன்று அதே கூரைக்கு அடியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் மூடத்தான் செய்வேன். இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் சரியான முடிவு எடுத்தால் நல்லது நடக்கும் என்ற எண்ணத்தோடுதான் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறோம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. செல்விக்கு நாள் இன்னும் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். காத்திருக்கப் பயந்துகொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். செல்வி, மல்லிகா, மல்லிகாவின் மகன். பதிவு செய்திருந்த ஆஸ்பத்திரிக்கு தி.நகர் வழியாகத்தான் போக வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்துக்காகத் தெருவைத் தடுப்பு வைத்து மறித்திருந்தார்கள். சுற்றிக்கொண்டு போன பாதையில் ஆட்டோ நகரவே இல்லை. முன்னால் பஸ், பின்னால் ஷேர் ஆட்டோ, இரண்டு பக்கமும் பை தூக்கிய ஜனம். செல்வி அலற ஆரம்பித்தாள். மல்லிகா இறங்கி, எதிரில் இருந்த ஒரு ஜவுளிக் கடைக்குள் ஓடினாள்.

கடைக்காரர் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். வருஷத்திலேயே பெரிய வியாபாரம் நடக்கும் நாள். கடை நிறையக் கூட்டம். மல்லிகா பேசியது பாதி புரிந்ததும் அவர் கல்லாவை விட்டு எழுந்துவிட்டாராம்.

"ஏ பிள்ளைகளா, ஷட்டரைப் பாதி இறக்குங்க. ஆம்பளையாள் எல்லாம் வெளிய போங்க, அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. சேலையைப் பிரிச்சு மறைப்புக் கட்டுங்க. எதுவா இருந்தா என்ன, கையில கிடைக்கதை எடுங்க!"

விற்பனைப் பெண்கள் ரேக்கிலிருந்து சேலைகளை உருவிப் பிரித்து நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தரையில் போர்வைகளை விரித்துச் செல்வியைக் கிடத்தினார்கள். துணி வாங்க வந்தவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவள்தான் குழந்தையை எடுத்தாள். பெண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. நர்ஸ் கொடியை விலக்கினாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். குழந்தை அழவில்லை. சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் அழுதார்கள், கையை இறக்காமல்.

ஆம்புலன்ஸ் வந்து செல்வியைப் பதிவு செய்திருந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனது. செல்வி பிழைத்தாள். குழந்தையின் மரணத்தை அந்த ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார்கள்.

சேதி தெரிந்து நான் போன அன்று மல்லிகா வேலைக்கு வந்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அவளே கேட்டாள்.

"நம்ம ஆஸ்பத்திரி தெறந்து இருந்தா பொழச்சிருக்குமா, மேடம்?"

பொய் சொல்லிவிடலாம். கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நாம் அடிக்கடி சொல்கிற பொய்தான். ஆனால் அந்தப் பிரசவ அறையில் ஆக்சிஜன் இருந்தது. சளி உறிஞ்சும் கருவி இருந்தது. கொடி சுற்றிய குழந்தைகள் எத்தனையோ பிழைத்து எழுந்த அறை அது. அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

"பொழச்சிருக்கலாம், மல்லிகா," என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு சட்டையின் காலரை விரித்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். "நீ பொய் சொல்லல," என்றாள்.

இரண்டாவது கூட்டம் தீபாவளி முடிந்து நடந்தது. அதே ஹால். மல்லிகா முன்னால் வந்து, ஜவுளிக் கடையில் நடந்ததைச் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை. "எங்களுக்கு ஆத்தாண்டயும் வாணாம், உங்க தெருவயும் கேக்கல," என்றாள். "நடந்து போற தொலவுல எதுனா ஒண்ணு குடுங்க."

பிறகு ராமசேஷன் எழுந்தார். அவர் மேடையைப் பார்க்காமல் மல்லிகாவைப் பார்த்துப் பேசினார்.

"எங்க ஆத்துல அவ பக்கவாதம் வந்து படுத்துண்டிருக்கா. உனக்குத் தெரியும், நீ வந்து பார்த்திருக்கே. சைரன் சத்தம் கேட்டா அவளுக்குத் தூக்கிவாரிப் போடும், ஒரு மணி நேரம் நடுங்குவா. அதனாலதான் நான் எதிர்த்தேன். தெரு குறுகல்னு சொன்னதும் நெஜம்தான், ஆனா இதுதான் காரணம்." காலனிக்காரர்கள் பக்கம் திரும்பினார். "நடுங்கினா நான் கையைப் பிடிச்சுண்டு உக்காந்துக்கறேன். குவார்ட்டர்ஸ் மனையிலயே கட்டட்டும்."

அதற்குப் பிறகு எல்லாம் எளிதாகப் போயிற்று. அந்த மனையின் பின்சுவர் பெரிய ரோட்டைத் தொட்டிருந்தது. வாசலை அந்தப் பக்கம் வைத்தால் ஆம்புலன்ஸ் காலனித் தெருவுக்குள் வரவே வேண்டாம். முதல் கூட்டத்தில் இதை யோசிக்கவிடாமல் அடித்தது சத்தம்தான். தெரு முனையில் இருந்த இஸ்திரி வண்டிகளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொள்கிறோம் என்று மல்லிகாவும் மற்றவர்களும் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்துபோய் மல்லிகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு எதிர்ப்புகூட இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். என் பணிக்காலத்திலேயே அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

நான் எழுதி அனுப்பியதற்குத் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வர மாதங்கள் ஆயின. ஒரு பக்கக் கடிதம். குறிப்பிட்ட பகுதியில் சமீப காலத்தில் பிரசவங்கள் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே அங்கே புதிய மருத்துவமனைக்கான தேவை எழவில்லை. திட்டம் நகரின் வெளிப்புறத்தில் வளர்ந்துவரும் பகுதிக்கு மாற்றப்படுகிறது.

நான் அதை நின்றுகொண்டே படித்தேன். பிரசவங்கள் பதிவாகவில்லை. எப்படிப் பதிவாகும்? பதிவு செய்கிற இடத்தை நான் மூடியிருந்தேன். அந்தப் பெண்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் வேறு வேறு ஆஸ்பத்திரிகளின் கணக்கில் சேர்ந்துவிட்டன. ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் நோயாளியும் இல்லை. நோயாளி இல்லாத இடத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு? எழுதியவர் தப்பாக எழுதவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மறுபடி எழுதினேன். நேரில் போனேன். வீட்டு முகவரியை வைத்து எண்ணுங்கள் என்று கேட்டேன். வெளிப்புறத்திலும் ஜனங்கள் இருக்கிறார்கள், டாக்டர், அவர்களுக்கும் ஆஸ்பத்திரி வேண்டாமா என்று கேட்டார்கள். அவர்களுக்கும் வேண்டும்தான்.

ராமசேஷன் என் அலுவலகத்துக்கு வந்தார். வியர்த்து விறுவிறுத்து, குடையை மடக்காமலே உள்ளே வந்து நின்றார். "வேண்டாம்னு சொன்னப்போ எல்லாருக்கும் காது கேட்டுது, டாக்டர். திட்டமே நின்னுது. இப்போ வேணும்னு எல்லாருமா சேர்ந்து சொல்றோம். ஏன் ஒருத்தருக்கும் காது கேக்கலை?"

மல்லிகா வரவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். கடிதத்தில் இருந்ததை அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல முயன்றேன். அவளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

"அப்ப எங்க வூட்டுக் கொயந்த எந்த ஏரியா கணக்கு, மேடம்?"

சொன்னேன். அவள் அந்த ஏரியாவின் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள், தெரியாத சொந்தக்காரர் பெயரைச் சொல்லிப் பார்ப்பது மாதிரி.

அடுத்த மழைக்காலத்தில் பழைய ஆஸ்பத்திரியின் கூரை விழுந்தது. வார்டு முழுதும். கட்டில்கள் இன்னும் உள்ளேதான் இருந்தன, ஒவ்வொன்றின் மேலும் கான்கிரீட். யாரும் இல்லாததால் யாருக்கும் அடியில்லை, பேப்பரிலும் வரவில்லை. இடிபாட்டைப் பார்த்துவிட்டு மேலதிகாரியைப் பார்க்கப் போனேன். நான் செய்தது சரிதான் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அவர் சொன்னார். "நீ மூடினது சரிதான்மா. மூடலைன்னா அதுக்கு அடியில ஆள் இருந்திருக்கும்." கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆள் செத்திருந்தா மறு வாரமே அடிக்கல் நாட்டியிருப்பாங்க. அதுவும் நெஜம்தான்."

நான் எழுந்து வந்தேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் அதுதான் கடைசிப் பாடம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் இதுவரை தெரியவில்லை. உங்களுக்காவது தெரியுமா என்று பார்க்கத்தான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குவார்ட்டர்ஸ் மனையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டப்போவதாகவும், மக்கள் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் பேப்பரில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். கூட்டத்தன்று காலையிலேயே கோட்டூர்புரம் போனேன். ராமசேஷனின் மனைவி இறந்து, அவர் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டிருந்தார். மல்லிகா இருந்தாள்.

"கூட்டத்துக்கு வா, மல்லிகா. நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வா."

"இன்னாத்துக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "போன தபா அல்லாரும் வந்தோம். சண்ட போட்டோம், அப்பறம் ஒத்துக்கினோம். ஒத்துக்கினதுக்கு இன்னா கெடச்சுது? நீ போய்ட்டு வா மேடம். எனக்குத் துணி கீது."

அதே ஹால்தான். நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வேறு துறையைச் சேர்ந்த ஓர் இளம் அதிகாரி மேஜையில் உட்கார்ந்திருந்தார். அமைதியான பையன், படித்த முகம். உங்களில் ஒருவர் மாதிரிதான் இருந்தார். வாசலைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் காத்திருந்தார். என்னைத் தவிர ஒருவரும் வரவில்லை. பிறகு பேனாவைத் திறந்து, 'ஆட்சேபணை எதுவும்' என்று எழுத ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். "என்னோட ஆட்சேபணையை எழுதிக்குங்க, தம்பி."

மரியாதையாக அவரும் எழுந்தார். "நீங்க இந்தப் பகுதியில குடியிருக்கீங்களா, மேடம்?"

"இல்லை. மேற்கு மாம்பலம்."

"அப்ப நான் பதிவு பண்ண முடியாதே, மேடம்." உண்மையிலேயே வருத்தப்பட்டார். உட்கார்ந்து வரியை எழுதி முடித்தார். முடித்துவிட்டு, எனக்கு ஒரு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.